மூவெத் கொட்டகையில் கைதட்டல்

இரவு ஒன்றரை மணி. மார்சேய் துறைமுகத்துக்குப் பின்னால் போகும் சந்தில் ஈ காக்கை இல்லை. மிஸ்திரால் காற்று மட்டும் தகரங்களை உலுக்கிக்கொண்டிருந்தது... என் கூட்டாளி ஒனோரேயின் பெரியப்பா அரிஸ்தீத் அந்த வழியாகத்தான் நடந்து வந்தார். கதவைச் சாத்திவிட்டுக் கிட்ட வாருங்கள், சொல்கிறேன்.

அந்தச் சந்தில்தான் மூவெத் கொட்டகை. ஒரு காலத்தில் ஊரே அங்கே பாட்டுக் கேட்கும். பிடித்தால் தூக்கி வைத்து ஆடுவார்கள். பிடிக்காவிட்டால் உயிரோடு உரித்துவிடுவார்கள். பிறகு அது சினிமாக் கொட்டகை ஆனது. அதுவும் ஓடவில்லை. பூட்டிப் போட்டு, இடிப்பதற்கு நாள் குறித்திருந்தார்கள்.

அரிஸ்தீத் அங்கே பத்து வருஷம் கோமாளிப் பாட்டுக்காரர். 1912இல், புதியவர்கள் பாடும் நாளில், ஸெலி என்று ஒரு சலவைக்காரப் பெண் வந்தாள். பதினேழு வயது. ஒத்திகையில் அவள் குரலைக் கேட்டதுமே அவருக்கு வயிறு எரிந்தது. மாடிக் கூட்டத்திடம் போய்க் கண்ணடித்தார்.

"டேய், வெளுக்கிறவ வந்திருக்கா. நல்லா வெளுத்து அனுப்புங்கடா!"

அவள் வாய் திறக்கும் முன்னே ஊளை. ஆரஞ்சுத் தோல், ஆலிவ் கொட்டை, செருப்பு... மேடையின் பக்கக் கதவுக்கு ஓடினாள். அந்தப் பக்கம் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அரிஸ்தீத்.

"கதவத் திறங்கய்யா... மூச்சு முட்டுது..."

"ஒரு பாட்டுதானேம்மா? பாடிட்டுப் போ!"

அவளுக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு. தள்ளாடி மேடை நடுவுக்கு வந்து மல்லாந்து விழுந்தாள், அதோடு உயிர் போய்விட்டது. அதையும் வேடிக்கை என்று நினைத்துச் சனம் கைதட்டியது. அரிஸ்தீத் ஓடி வந்து, அவள் தலைமாட்டில் நின்று, குனிந்து வணங்கினார். அவ்வளவு பெரிய கைதட்டலை மூவெத் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

இருபத்தாறு வருஷம் கழித்து, அந்த இரவு... பூட்டிய கொட்டகைக்குள்ளிருந்து கைதட்டல் வந்தது.

காற்று என்று நினைத்தார். பிறகு பெயர் கேட்டது. "அரிஸ்தீத்! அரிஸ்தீத்!" பக்கவாசல் திறந்திருந்தது. உள்ளே எரிவாயு விளக்கின் வாடை. அந்த விளக்குகளைக் கழற்றி எவ்வளவோ காலம் ஆகிறது. கிழவருக்குப் பயம் வரவில்லை, கண்தான் கலங்கியது. நம்மை மறக்கவில்லையே என்று மேடை ஏறிவிட்டார்.

இருட்டில் ஒரு முகமும் தெரியவில்லை. மூச்சு மட்டும்... ஆயிரம் பேர் மூச்சு. பாடினார். தட்டினார்கள். "இன்னொண்ணு!" மறுபடி பாடினார். "இன்னொண்ணு!" பத்தாவது பாட்டில் தொண்டையில் ரத்தம் கரித்தது. கும்பிட்டுவிட்டுப் பக்கக் கதவுக்குப் போனார். தள்ளினார். அசையவில்லை.

"யாருய்யா அங்க? திறங்க!"

கதவுக்கு அப்பால், மெதுவாக, ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"ஒரு பாட்டுதானே, ஐயா..."

காலையில் இடிக்க வந்த ஆட்கள் அவரை மேடையில் கண்டார்கள். உயிர் இருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் இல்லை. இதையெல்லாம் பிற்பாடு சிலேட்டில்தான் எழுதிக் காட்டினார்.

அவரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குத் திரும்பும்போது ஒருவன் நாற்காலிகளைப் பார்த்தான். சினிமாக் காலத்தில் போட்டவை. ஆள் எழுந்தால் இருக்கை தானே மடங்கிக்கொள்ளும். ஆயிரமும் விரிந்து கிடந்தன.

முன்வரிசையில் ஒன்று... டக்கென்று மடங்கியது. பக்கத்தில் இன்னொன்று. டக். டக். பிறகு வரிசை வரிசையாக... அவர்களுக்குப் பின்னாலேயே, வாசலை நோக்கி.