மஞ்சளாகிப்போன படலம்

பொய்க்காரி என்று சொல்லி, என் ஆய்வு மாணவி மேரியின் படிப்பை நிறுத்தியவன் நான். அச்சிட்டுச் செய்யும் கார்பன் சோலார் செல்லுக்காக அவள் சூடாக்கிய, வெயிலை மின்சாரமாக்கும் பெராவ்ஸ்கைட் என்ற பூச்சுப் படலம் சரியானபடி கருப்பாக வந்தது என்றாள். நான் பார்த்தபோது மஞ்சளாக இருந்தது.

ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, கம்பைநல்லூர் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு ஆராய்ச்சி மாணவிகள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நேத்து கருப்பா எடுத்தேன்டி, காலையில மஞ்சளாயிருச்சு. எங்க சாரு நம்பவே மாட்டாரு.”

“மழ ஈரம் பட்டா அப்படித்தான் புள்ள. அவர பக்கத்துல நிறுத்தி மறுபடி சூடு பண்ணு, கருப்பாயிரும்.”

“வந்துட்டாலும்! அவருக்கு டீ ஆறிப்போயிரும்.”

மறுபடி சூடாக்கிக் காட்டுகிறேன், பக்கத்தில் வந்து பாருங்கள் என்று மேரியும் அன்று என்னைக் கூப்பிட்டாள். நான் நாற்காலியை விட்டு எழுந்து போகவில்லை.

யாருமில்லாத வீட்டுக்கு வந்ததும் மேரியைப் போனில் அழைத்தேன். “நீ சொன்னது உண்மைதாம்மா, மன்னிச்சிரு.”

“எனக்கு அன்னைக்கே தெரியுங்க சார்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.