மாமான்னா யாரு

அட, உங்களைக் கூப்பிடலைங்க உங்க குழந்தை. வீணா பூரிச்சுப் போகாதீங்க. அம்மாங்குதுன்னு நீங்களா நெனச்சுக்கிறீங்க. பல்லு முளைக்காத வாயில வேற என்ன சத்தம் வரும்? உதட்டை மூடித் தொறந்தா மா. இன்னொரு தடவை மூடித் தொறந்தா மாமா. அவ்ளோதான் சமாச்சாரம். பக்கத்துல எவன் நிக்கிறானோ அவன், என்னைத்தான் கூப்பிடுதுன்னு ஊரைக் கூட்டிடுவான்.

கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. எனக்கு வாயிதான் பொழப்பு. சேச்சே, டாக்டரெல்லாம் இல்லை, பல் செட் செய்யறவன். டாக்டர் ஈறை அச்சு எடுத்து அனுப்புவாரு, நான் மெழுகுல பல்லு பல்லா நட்டு, அரைச்சு, மெருகேத்திக் குடுப்பேன். செட்டைக் கழட்டி வெச்சிட்டுப் பேசுற பெரியவங்களைக் கேட்டிருக்கீங்களா? சா, தா எல்லாம் காத்தாப் போயிடும். மாவும் பாவும் மட்டும் கடைசி வரைக்கும் கூட நிக்கும்.

கொஞ்சம் காலைத் தூக்குங்க, தரையைத் தொடைக்கிறாங்க. ம், வெச்சுக்கோங்க.

உங்க வீட்டுக்காரர் ப்ளைட் இன்னும் எறங்கலையா? சரி சரி, வரட்டும்.

இதெல்லாம் நானா கண்டுபிடிச்சதுன்னு நெனச்சுடாதீங்க. கோர்ட்டுல ஒரு மொழிபெயர்ப்புக்காரம்மா எடுத்த பாடம். மூக்குக் கண்ணாடியைத் தலையில ஏத்தி வெச்சிக்கிட்டு, வராண்டாவுல நிக்க வெச்சு எனக்கு வகுப்பு நடத்துச்சு. சுவாஹிலின்னு ஒரு மொழியாம், அதுல மாமான்னா அம்மா. சீனத்துலயும் அம்மா. அவங்களும் இவங்களும் ஏதாவது சொந்தமா பந்தமா? ஒண்ணும் கெடையாது. லத்தீன்ல மம்மான்னா மார்பு. ஜப்பான்ல குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது மம்மாம்பாங்களாம். நாம மம்மு சாப்பிடுன்னு சொல்றோம்ல, கிட்டத்தட்ட அதேதான். யாரும் யாருகிட்டயும் கடன் வாங்கலையாம். எல்லா ஊர்லயும் குழந்தை ஒரே மாதிரி உளறுது. பெரியவங்க ஆளுக்கொரு அர்த்தத்தை எடுத்து ஒட்ட வெச்சுட்டாங்க.

நம்ம சங்கதிதான் இன்னும் கேவலம். அம்மாகூடப் பொறந்தவன் மாமா. பொண்ணு குடுத்தவன் மாமா. சில வீட்டுல கட்டினவனே மாமா. தெருமுனையில லத்தியோட நிக்கிற போலீஸ்காரனும் மாமா. அதுக்கும் கீழ ஒரு அர்த்தம் இருக்கு, மடியில குழந்தையை வெச்சிருக்கீங்க, சொல்ல மாட்டேன். ஒரு உளறலுக்கு இத்தனை பேர் வரிசையில நிக்கிறாங்க. வெக்கமே இல்லாம.

கோர்ட்டா? அது என் தங்கச்சி பொண்ணு விஷயமா.

என் தங்கச்சி துறைமுகத்து ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தா. ஒரு நாள் ஒருத்தன் விரலை நசுக்கிக்கிட்டு வந்தான். கப்பல்ல இஞ்சின் வேலை. எங்கேயோ மலை நாட்டுக்காரன், ஜார்ஜிய மொழின்னு ஒண்ணு பேசுறான். இவ கட்டுப் போட்டா. விரல் ஆறிப்போச்சு, ஆளு மட்டும் வந்துக்கிட்டே இருந்தான். காதலாம். அவன் பேசுறது இவளுக்குப் புரியாது, இவ பேசுறது அவனுக்குப் புரியாது. அதனாலதான் சண்டையே வரலைன்னு நெனக்கிறேன். கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க. நான் எவ்வளவோ சொன்னேன். கேட்டாளா?

பொண்ணு பொறந்துச்சு. உருண்டையா இருந்ததால பட்டாணின்னு கூப்பிட்டோம். அது தவழ ஆரம்பிச்ச நேரம். ஒரு நாள் தங்கச்சி மருந்து ரூம்ல குனிஞ்சவ எழுந்திரிக்கல. மூளையில ரத்தக் குழாய் வெடிச்சிருக்கு. சுத்தி அத்தனை டாக்டருங்க இருந்தும்.

அவன் அப்ப நடுக்கடல்ல. எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து சேந்தான். செவுத்து ஓரமா நின்னான், குழந்தையைத் தூக்கக்கூடத் தெரியல, தட்டு மாதிரி நீட்டிப் புடிக்கிறான். அப்புறம் ஒப்பந்தம் இருக்கு, போகணும்னு கெளம்பிட்டான். மனுஷனா அவன்? நானும் என் வீட்டுக்காரியும் வளர்த்தோம். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே ஆளுங்க பாவப்படுவாங்க, நீங்களும் ஆரம்பிச்சுடாதீங்க.

பட்டாணி மொதல் மொதல்ல பேசினது மாமா. ஆமாங்க, நானும்தான் ஊரைக் கூட்டினேன். இப்ப உங்களைச் சொல்றேனே, அன்னிக்கு என்னைப் பார்த்திருக்கணும். பட்டறை முழுக்க ஒருத்தன் விடாமச் சொன்னேன். யாரோ ஒருத்தரோட மேல் பல்லைக் கீழ்ப் பல்லுன்னு நட்டு வெச்சுட்டேன் அன்னிக்கு.

அந்த சந்தோஷத்துல வந்த புத்திதான், அவனுக்கு வீடியோ கால் போட்டேன். பாருடா, யாரைக் கூப்பிடுதுன்னு காட்டலாம்னு. இது போனைப் பாத்து மாமாங்குது. அந்த ஆளு அழுறான். பக்கத்துல இருந்தவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிக் காட்டி அழுறான். என்னடான்னு கேட்டா, மார்பைத் தட்டிக்கிட்டு நானு நானுங்கிறான். அப்புறம்தான் வெளங்குச்சு. உலகமெல்லாம் அம்மாவைச் சொல்ற வார்த்தையை இவங்க மட்டும் அப்பனுக்கு வெச்சிருக்காங்க. அவங்க மொழியில மாமான்னா அப்பா. அம்மாவுக்கு தேதாவாம், என்னமோ. உருப்படுவாங்களா?

அடுத்த தடவை கரைக்கு வந்தவன் கப்பலை விட்டுட்டான். எங்க தெருவுலயே தையல்கடை மாடியில ரூம் எடுத்தான். லாரி பட்டறையில வேலை. சாயங்காலமானா கையில கிரீஸோட வந்து நிப்பான். ஒரு கோட்டு வாங்கிட்டு வந்தான் பாருங்க, அதுக்குள்ள மூணு பட்டாணியைப் போடலாம். வளருவா வளருவான்னு கையால உயரத்தைக் காட்டுறான். வந்து உக்காந்தா பாட்டு. அந்தப் பாட்டு, தொண்டையில முள்ளு மாட்டினவன் செருமுற மாதிரி இருக்கும். பட்டாணி உருண்டு பொரண்டு சிரிக்கும். நான் எதிர்ல உக்காந்து பேப்பர் படிப்பேன். படிச்ச பக்கத்தையே படிப்பேன்.

என் வீட்டுக்காரி அவனுக்கு டீ போட்டுக் குடுப்பா. ஏன்டி குடுக்குறேன்னா, வேலைக்குப் போய்ட்டு வர்ற மனுஷன்ங்குறா. அப்ப நான் யாரு, சுற்றுலாப் பயணியா?

அப்படியே ஓடிட்டிருந்தது. இது நடக்குது, ஓடுது, ரெண்டு பேச்சும் பேசுது. ஒரு நாள் அவன், எங்க அம்மா இருக்காங்க, தோட்டம் வீடு இருக்கு, கூட்டிட்டுப் போறேன்னான். போடா வெளியேன்னேன். கோர்ட்டுக்குப் போனான். பெத்தவனாச்சே, சட்டம் கேக்கத்தானே செய்யும். ஆனா வளர்த்தது நாங்க, அதையும் கேட்டாங்க. வாய்தா வாய்தான்னு இழுத்துச்சு. அங்கதான் அந்தக் கண்ணாடிக்காரம்மா, அவனுக்காகப் பேச வந்தது.

கடைசியில ஜட்ஜ் குழந்தையை அவரோட ரூமுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னார். வக்கீலுங்க, என் வீட்டுக்காரி எல்லாரும் வெளியே. உள்ள அவரு, நானு, அவன், அந்தம்மா. பட்டாணியைப் பெரிய நாற்காலியில உக்கார வெச்சாங்க. கால் எட்டல, ஆட்டிக்கிட்டே ஃபேனைப் பாக்குது. மேசையில இத்தா தண்டி சட்டப் புஸ்தகமெல்லாம் அடுக்கி வெச்சுக்கிட்டு, ஜட்ஜ் ஒரு மிட்டாயை நீட்டி, கண்ணு, நீ யாருகூட இருக்கணும்னு கேட்டார்.

மாமான்னுச்சு.

நானும் ஒரு அடி எடுத்து வெச்சேன், அவனும் எடுத்து வெச்சான். சிரிக்காதீங்க. ஜட்ஜும் இப்படித்தான் சிரிச்சார். அப்புறம் அந்தம்மாவைப் பாத்து, யாரைம்மா சொல்லுதுன்னார். வராண்டாவுல அத்தனை நாட்டு மாமாவையும் அளந்தவங்க, இப்ப கையை விரிக்கிறாங்க. ரெண்டு பேச்சுலயும் ஒரே சொல்லு ஐயா, எதுன்னு என்னால சொல்ல முடியாதுன்னு. படிப்பு எதுக்கு ஆச்சு பாருங்க. திரும்பக் கேட்டா இது வாயில மிட்டாய். ஜட்ஜ் பெருமூச்சு விட்டு, சரி, இவ்வளவு நாள் இருந்த எடத்துலயே குழந்தை இருக்கட்டும்னு பேனாவைத் தொறந்துட்டார்.

ஆமா, ஜெயிச்சிட்டேன். குழந்தை எங்கிட்டயா? இல்லைங்க. இன்னிக்கு மதிய ப்ளைட்ல ரெண்டு பேரும் போயிட்டாங்க. அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டுத்தான் போச்சு. இன்னும் பெருசாத்தான் இருக்கு.

மேல் கோர்ட்டும் இல்லை, ஒண்ணும் இல்லை. அந்த ரூம்ல இருந்தவங்க யாருக்கும் காது சரியில்லை, அவ்ளோதான். என்னைக் கூப்பிடும்போது அது ரெண்டு எழுத்தையும் இழுக்கும். மா... மா... ன்னு, கதவு வரைக்கும் வந்து விழும். அவனைக் கூப்பிடுறப்ப வெடுக்குன்னு வெட்டும். மம. அவங்க பேச்சுல இழுப்பு கெடையாது போல. ரெண்டும் வேற வேற வார்த்தைன்னு மொழிபெயர்ப்புக்காரிக்குத் தெரியல, ஜட்ஜுக்குத் தெரியல, அந்த மடையனுக்குக்கூடத் தெரியல, தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறான். குழந்தைக்குத் தெளிவாத் தெரிஞ்சிருக்கு. அது வெட்டித்தான் சொல்லுச்சு.

ஜட்ஜ் எழுதுறதுக்குள்ள, ஐயா, இது தன் அப்பனைத்தான் கேக்குதுன்னேன்.

ஏன் சொன்னேன்னா? அதுகிட்ட கேள்வி கேட்டாங்க, அது பதில் சொல்லுச்சு. பின்ன என்ன பண்றது, தப்பாக் காதுல விழுந்த மாதிரி நடிச்சுட்டு, அப்புறம் ஆயுசுக்கும் அது மா... மா... ன்னு இழுக்கிறப்பல்லாம் திரும்பிப் பாக்கவா?

வீட்டுல இன்னும் சொல்லல. அவளுக்கு ஜட்ஜ் குடுத்த தீர்ப்புன்னுதான் தெரியும். அவரைத் திட்டிக்கிட்டே காலையில பட்டாணி துணியெல்லாம் மடிச்சு வெச்சா. ஏர்போர்ட்டுக்கு வர மாட்டேன்னுட்டா. இப்ப போனா கதவைத் தொறப்பா, முகத்தைப் பாப்பா, கண்டுபிடிச்சுடுவா. அதான் உக்காந்திருக்கேன்.

அதோ, ஆளுங்க வெளிய வர ஆரம்பிச்சாச்சு. நீலச் சட்டையா உங்க வீட்டுக்காரரு? கையாட்டுறாரு பாருங்க. எழுந்திரிங்க. குழந்தையைக் கெட்டியாப் புடிச்சுக்கோங்க, பையைக் குடுங்க, நான் கொண்டு வந்து தர்றேன்.