குறைபாடுகள் என்ற அத்தியாயம்

கோடு போட்ட தாள் கொடுத்ததற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் சார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாக உங்கள் ரைட்டர் சொன்னார். மேசையில் கிடந்த அவருடைய பக்கம் ஒன்றைப் பார்த்தேன். தமிழில் ஒற்று என்று ஒன்று இருப்பதே அவர் காதுக்கு எட்டவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

பெயர் இன்னாசிமுத்து, வயது அறுபத்திரண்டு. முக்கூடலுக்கு மேற்கே ஆற்றங்கரையில் இருக்கிற குருமடத்தில் பதினெட்டு வருடமாக லத்தீனும் பூசை ஒழுங்கும் கற்பித்து வருகிறேன். உங்கள் பெயர்ப்பலகையில் முகம்மது மைதீன் என்று இருக்கிறது. எங்கள் விவகாரம் உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. குருமடம் என்பது சாமியார்களைத் தயார் செய்கிற பள்ளிக்கூடம். ஊரெல்லாம் பூசையைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டபோது, மாட்டோம் என்று லத்தீனிலேயே நின்றுவிட்ட சிறு கூட்டம் நாங்கள். நான் சாமியார் இல்லை. சாமியார்களுக்குப் பிழை திருத்துகிறவன்.

எங்கள் கூட்டத்துக்குத் தென்னாட்டில் இரண்டு குருமடங்கள். ஒன்று எங்களுடையது, மற்றது ஓசூருக்கு அப்பால். இரண்டையும் நடத்த ஆள் போதவில்லை. எங்கே பயிற்சி தரமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதைப் பூட்டுவது என்று இந்த வருடம், தொண்ணூற்றேழில், மேலிடத்தில் முடிவாயிற்று. ஒப்பிட்டு அறிக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரு பக்கத்துக்காரன் எப்படி நடுநிலையாக எழுதுவான் என்று கேட்பீர்கள். உண்மை ஒரு பக்கமாக இருக்கும்போது நடுவில் போய் நிற்பதில் என்ன நேர்மை இருக்கிறது?

ஓசூரில் ஒரு வாரம் தங்கிப் பார்த்தேன். மத்தியானம் மீன், சாயங்காலம் பந்து விளையாட்டு, லத்தீன் உச்சரிப்புக்கு டேப் ரெக்கார்டர். கடைசி வருடத்து மாணவன் ஒருவனைக் கூப்பிட்டு, பூசை நடக்கும்போது திராட்சை ரசப் பாத்திரத்தில் சிலந்தி விழுந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அழகாகச் சிரித்தான். சிரிப்புக்கு அங்கே தனிப் பாடவேளை இருக்கும்போல. எங்களிடம் நாலே மாணவர்கள், அதில் ஒருவன் மாட்டுத் தரகுக்குப் போயிருக்க வேண்டியவன். ஆனாலும் நாலு பேருக்கும் குறைபாடுகள் அத்தியாயம் தலைகீழ்ப் பாடம்.

அந்த அத்தியாயம் பூசைப் புத்தகத்தின் முன்பகுதியில் இருக்கிறது. பூசையில் என்னென்ன கெட்டுப்போகலாம், கெட்டால் என்ன செய்யவேண்டும் என்று வரிசையாகச் சொல்லும். ஈ, சிலந்தி, அப்பத்தை எலி தூக்கிப்போவது எல்லாம் அதில் உண்டு. திராட்சை ரசத்தில் விஷம் கலந்திருப்பதும் உண்டு. அதுதான் கடினமான இடம். குருவானவர் உரிய வார்த்தைகளைச் சொல்லி முடித்தபின் எங்களுக்கு அது சர்வேசுரனுடைய இரத்தம். கீழே கொட்டக்கூடாது. விஷமென்று தெரிந்தால் குடிக்கவும் கூடாது. அரைகுறையாகப் படித்தவன் பக்தி முற்றிக் குடித்துவிடுவான், இல்லையென்றால் பயந்து கொட்டிவிடுவான். ஒழுங்காகப் படித்தவன் அதை வேறு பாத்திரத்தில் ஊற்றி மூடிவைப்பான். புதிதாக ரசமும் தண்ணீரும் வாங்கி, வார்த்தைகளை மறுபடி சொல்லி, அதைப் பருகிப் பூசையை முடிப்பான்.

ஓசூரில் தயாரான ஒருவனுக்கும் இது வராது என்று அறிக்கையில் எழுதி, வெள்ளிக்கிழமை தபாலில் சேர்த்தேன். திங்கட்கிழமை மனுவேல் சாமி வந்து இறங்கினார்.

முக்கூடலில் பீடி சுற்றுகிற சாரம்மாளின் மகன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் எங்களிடம் சேர வந்தவன். இவன் மண்டையில் லத்தீன் ஏறாது என்று எழுதித் திருப்பி அனுப்பியவன் நான்தான். ஓசூரில் சேர்த்துக்கொண்டார்கள், அவர்கள் யாரைத்தான் சேர்க்கவில்லை. குருப்பட்டம் வாங்கிவிட்டு, தாயாருக்காக எங்கள் கோயிலில் ஒரு பூசை வைக்க வந்திருந்தார். சாரம்மாளும் கூடவே வந்தாள்.

"சார், நீங்க வேண்டாம்னு தள்ளுன பிள்ளதான். பாருங்க, சாமியாயிட்டான்" என்றாள்.

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. குத்திப் பேசுமளவுக்கு அவளுக்கு விவரம் போதாது. மகன் குறுக்கிட்டு, "நீங்க தள்ளுனதுனாலதான் சார் நான் ஒழுங்காப் படிச்சேன். நாளைக்குப் பூசைக்கு நீங்களே கூட நில்லுங்க. பிழை வந்தா சொல்லுங்க" என்றார். என் அறிக்கை தபாலில் போய் மூன்று நாள் ஆகியிருந்தது. இருந்தாலும் சரி என்றேன். அவராகக் கேட்ட பரீட்சை அது.

செவ்வாய் காலை ஆறரை மணி. சாரம்மாள் முன்வரிசையில் முழங்காலில் இருந்தாள், பின்னால் எங்கள் மாணவர்கள் நாலு பேர். நான் ரசக் குப்பியில் வயலுக்கு அடிக்கிற மருந்தைக் கொஞ்சம் கலந்திருந்தேன். ஊற்றும்போது தெரியாமல், பாத்திரத்தை மூடுகிற துணிக்குக் கீழே அடைபட்டு, வாயருகே கொண்டுபோகும்போது வாடை வருகிற அளவு. அதற்குப் பல தடவை பார்த்து அளந்தேன். வார்த்தைகளைச் சொல்லுமுன்னாலேயே தெரிந்துவிட்டால் கொட்டிவிட்டு வேறு ஊற்றிக்கொள்ளலாம், அது சின்னப் பிள்ளைக் கணக்கு.

வார்த்தைகளைச் சொன்னார். அப்பத்தை உட்கொண்டார். பாத்திரத்தை வாயருகே எடுத்தவர் அப்படியே நின்றார். என் பக்கம் பைய முகத்தைத் திருப்பினார்.

"சார், மருந்து வாட அடிக்கு. வேற பாத்திரம் எடுங்க. சத்தம் காட்டாதிய, அம்மா பயந்துருவா."

கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு சொட்டுச் சிந்தாமல் அதில் ஊற்றி மூடி ஓரமாக வைத்தார். புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. புது ரசம் கேட்டார், தண்ணீர் கேட்டார். எங்கே தொடங்கவேண்டுமோ அந்த வரியிலிருந்து தொடங்கினார். உச்சரிப்பு என்னுடையதைவிடச் சுத்தம், டேப் ரெக்கார்டரின் உபயம். பருகினார். தாயாருக்கு அப்பம் கொடுத்தார். கடைசிச் செபம் சொல்லும்போது பீடத்தைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது.

நேற்று நீங்கள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "வே வாத்தியாரே, மருந்துள்ள பாத்திரம் மூடுனபடி அப்படியே இருக்கு. சாமி அத நாக்குல கூட வைக்கலன்னு டாக்டர் சொல்லுதாரு. பெறவு எப்படிவே செத்தாரு?"

நல்ல கேள்வி. உங்கள் ரைட்டருக்குத் தோன்றியிருக்காது.

முதல் குப்பியில் இருந்தது பரீட்சை. பரீட்சை என்றால் விடை எழுத வழி வைக்கவேண்டும், அதற்காகத்தான் வாடையுள்ள மருந்தைத் தேடி வாங்கினேன். மனுவேல் சாமிக்கு நூற்றுக்கு நூறு. இதை எழுத எனக்குத் தயக்கமே இல்லை, ஒரு வாத்தியார் மதிப்பெண்ணில் வஞ்சகம் செய்யக்கூடாது. நான் யாரையும் கொல்ல நினைத்தவன் அல்ல, பயிற்சியின் தரத்தைப் பார்க்க நினைத்தவன். அவர் கேட்ட புது ரசத்தை இரண்டாவது குப்பியிலிருந்து ஊற்றினேன். அதைத் திங்கட்கிழமை சாயங்காலமே கலந்து வைத்துவிட்டேன். அதில் கலந்ததற்கு வாடை கிடையாது.