மேலே தூவ வேண்டிய மரத்தூள்

மரத்தூளை மண்ணின் மேல்தான் தூவ வேண்டும். மண்ணுக்குள் கலக்கக் கூடாது. மேலே கிடந்தால் அது போர்வை: ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும். உள்ளே போனால் அது பசித்த வாய். தான் மக்குவதற்காகப் பயிரின் பங்கையும் தானே தின்றுவிடும். இலை வெளுத்துப் போகும். மர அறுவை மில்லில் முப்பத்தோராண்டுகள் ரம்பத்தின் முன் நின்றவனுக்கு இது தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும், ஐயா. தெரிந்துதான் டீச்சரிடம் மாற்றிச் சொன்னேன்.

டீச்சர் என் பக்கத்து வீட்டுக்காரர், கணவரை இழந்தவர், என்னைப் போலவே பணி ஓய்வு பெற்றவர். எங்களுக்கு நடுவே இடுப்பளவு வேலி. உழைக்கும்வரை ஒருவன் பெயரை ஊரே கூப்பிடும். உழைப்பு ஓய்ந்ததும் அவன் குரல் அவனுக்கே மறந்துபோகும். ஒருமுறை பதினொரு நாள் நான் யாரோடும் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் பால் கொண்டுவந்தவரிடம் "போதும்" என்றேன். அந்தக் குரல் யாருடையது என்று திரும்பிப் பார்த்தேன்.

அந்த வாரம்தான் டீச்சர் வேலியோரம் வந்தார். "மில்லுக்காரரே, மரத்தூள் தோட்டத்துக்கு நல்லதாமே, எப்படிப் போடறது?"

"ஆழமாக் கொத்திக் கலந்துவிடுங்க," என்றேன்.

பதினைந்தாம் நாள் கீரை மஞ்சளித்தது. "உங்க பேச்சைக் கேட்டு என் பாத்திக்கு மஞ்சக்காமாலை வந்துடுச்சு. ஒழுங்கா வைத்தியம் சொல்லுங்க, இல்லேன்னா பெஞ்சு மேல ஏத்திடுவேன்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிட்டால் மறுநாள் வரமாட்டார் அல்லவா? ஆகவே நாளுக்கொரு குறை சொன்னேன்: இன்று தண்ணீர், நாளை நிழல், அடுத்த நாள் எரு. ஏழு மாதங்கள் அவர் வந்துகொண்டே இருந்தார். ஏழு மாதங்கள் நான் மனிதனாக இருந்தேன்.

ஆனால் மரத்தூள் மக்கித் தீரும் பொருள். மக்கியதும் மண் தேறியது. கீரை கருகருவென்று எழுந்தது. டீச்சர் ஒரு கட்டுக் கீரையை வேலிமேல் வைத்தார். "இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன். நாலு மாசத்துல பொண்ணு வீட்டோட போயிடறேன். இங்க தனியா இருந்து என்ன பண்றது?"

தனியாக என்றார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

மில்லில் ஒரு தனிக் கொட்டகை உண்டு. கரையான் அரிக்காமலிருக்க மருந்தேற்றிய கம்பங்களை அங்கேதான் அறுப்பார்கள். அந்தத் தூளில் பச்சை ஓடியிருக்கும். "அதை மாட்டுக் கொட்டில்லகூடப் போடாதீங்கப்பா, நக்குன மாடு நிக்காது," என்பார் மேஸ்திரி. பழைய பழக்கத்தில் அந்தத் தூளையே ஆறு மூட்டை கேட்டு வாங்கிவந்தேன். டீச்சருக்கு முதுகுவலி என்பதால் நானே கொத்திக் கலந்தேன். மிஞ்சியதைச் செடிகளின்மேல் தூவினேன்.

முதலில் அவருக்கு வயிறு கெட்டது. பிறகு விரல்கள் மரத்தன. பயணம் தள்ளிப்போனது. சமைக்க முடியாதவருக்கு நான் சமைத்தேன்; அவர் தோட்டத்துக் கீரையில் சூப் வைத்து, கரண்டியால் ஊட்டினேன். கீரையை நான் கழுவவில்லை. மகள் தொலைபேசியில் அழுதாள்: "மாமா, நீங்க பக்கத்துல இருக்கிறதாலதான் நான் நிம்மதியாத் தூங்கறேன்." அப்படி ஒரு சொல்லை என்னிடம் யாரும் அதற்குமுன் சொன்னதில்லை.

"உங்களுக்கு நான் பெரிய பாரம்," என்றார் டீச்சர், கடைசி வாரத்தில்.

"பாரம் சுமந்து பழகின தோள்தானே டீச்சர்," என்றேன்.

ஐந்தாம் மாதம் அவர் இறந்தார். நான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர் தனியாக இறக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் கொடுமையிலிருந்து அவரைக் காப்பாற்றினேன்.

நான்கு நாட்களாக நீங்கள் எதிரே அமர்ந்து, நான் சொல்வதை ஒரு சொல் விடாமல் கேட்கிறீர்கள். இன்றைக்கு இது போதும், ஐயா. தெருக்கோடி வீட்டிலும் ஒரு தோட்டம் இருந்தது. அதைப் பற்றி நாளைக்குச் சொல்கிறேன். வேறு யாரையும் அனுப்ப வேண்டாம், நீங்களே வாருங்கள்.