நடுப்பானைக் கரி

அதெல்லாம் சாப்பிடலைங்க. நீங்களும் கீரையா மீனான்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. ஈயச்சொம்புல ரசம் வைப்பீங்களான்னு வேற! ஏன் சார், ஈயச்சொம்பு வச்சிருக்கற வீடு மாதிரியா இருக்கு இது? அலுமினியக் குண்டான்தான், அதுவும் ஒடுங்கிக் கெடக்கு.

மெதுவாப் பேசுங்க, எம்மவ அம்சம் இப்பதான் கண்ணசந்தா. அஞ்சு மாசம். காலையிலேருந்து நாலு வாந்தி. அவ ரத்தத்துல ஈயம் ஏறிக்கிட்டே போவுதுன்னு பேப்பரைக் காட்டுறீங்க, குடிக்கிற தண்ணியில ஈயமே இல்லைன்னும் சொல்றீங்க. அப்புறம் அது என்ன ஆகாசத்துலேருந்தா எறங்குது? வயித்துல இருக்கற புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுமா சார்?

மொதல்ல அது எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? உச்சவரம்புச் சட்டத்துல பண்ணை நெலத்தைக் கேட்டுக் கொடி புடிச்சோம். என் மாமனாருக்கு மண்டை ஒடஞ்சுது. ஆட்சி மாறுச்சு, மேடை போட்டுப் பட்டா குடுத்தாங்க, மாலை கூடப் போட்டாங்க. பண்ணையாரு மனசார விட்டது எது தெரியுமா? வாய்க்காக் கடைசியில, ஆடு கூட மேயாத இந்த மூணு மா நெலம். அப்புறம் அவரு மவன் மேக்கால பழைய பேட்டரியை ஒடைச்சு ஈயம் எடுக்கிற பட்டறை போட்டாரு. கழுவுன தண்ணியெல்லாம் வாய்க்கால்ல. எங்க அடிபம்புலயும் அதான். மனு குடுத்தோம். அந்தக் கட்சிக்காரங்க வந்து பாத்தாங்க. அடுத்த எலக்‌ஷன்ல இந்தக் கட்சிக்காரங்க வந்து பாத்தாங்க. ரெண்டு பேருக்கும் பட்டறையிலேருந்துதான் எளநி வந்துச்சு.

அப்பதான் நீங்க வந்தீங்க, காலேஜ் வாத்தியாரு. மூணு பானையை அடுக்கி, நடுப்பானையில உமிக்கரி போடு, ஈயத்தையெல்லாம் அது புடிச்சு வச்சுக்கும், நல்ல தண்ணி கீழ எறங்கும்னீங்க. எம்மெல்லே வந்து ரிப்பன் வெட்டினாரு. பானைக்கு ரிப்பன் வெட்டி அன்னிக்குத்தான் சார் பாத்தேன்! பட்டறையை மூடச் சொல்லுங்கய்யான்னு கேட்டா, அதான் பானை இருக்கே ராமாயின்னாரு. உமி நம்மளது, பானை நம்மளது, போட்டோவுல மூஞ்சி மட்டும் அவரோடது.

இல்லைங்க, நீங்க சொன்னதுல ஒண்ணு தப்பலை. மாசம் ஒருக்கா கரியை மாத்தணும்னீங்க, மாத்திட்டோம். எட்டிப் பாருங்க, கருகருன்னு புதுசு.

பழசா? யாராச்சும் கொட்டுவாங்களா அதை? உமி கருக்குறது லேசுன்னு நெனைச்சீங்களா, பொகையில கண்ணு அவிஞ்சு போவும். கொட்டிடுன்னு நீங்களும் சொல்லலை. வெயில்ல காயவச்சு, சலிச்சு, உப்பு கலந்து, இந்தா, இந்த டப்பாவுலதான் வச்சிருக்கேன். அம்சத்துக்குத்தான் பேஸ்ட்டு வாடையே ஆகலையே. மூணு மாசமா இதுலதான் பல்லு வெளக்குறா. ஒவ்வொரு வாந்திக்கும் ஒருக்கா வெளக்குறா. கொஞ்சம் உள்ள போனாலும் ஒண்ணும் பண்ணாதுடி, வயித்துக்கு நல்லதுதான்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்.