நாலு தேசிக்காய்

இந்த நாட்டில் நல்ல தேசிக்காய் கிடைப்பதில்லை, கலாதேவி அக்கா. எல்லாம் மஞ்சள் எலுமிச்சை, தடித்த தோல். ஸ்டுட்கார்ட் சந்தை முழுக்க அலைந்துதான் பச்சையாக நாலு வாங்கினேன். நான் சொல்வதை டொச் மொழியில் மாற்றும்போது இந்தப் பொலிஸ்காரருக்கு அதையும் சொல்லுங்கள்.

எண்பத்தேழில் வந்த எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அகதி விடுதியில் நானும் பரராசசிங்கம் அண்ணையும் ஒரே அறை. சும்மா இருக்க முடியாமல் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவருக்கு உதவப் போனோம். அவருடைய மகன் பாதியில் கைவிட்ட கார் ஒன்று கொட்டிலில் கிடந்தது. பெரிய எஞ்சின் போட்ட பழைய அமெரிக்க மசில் காரைப் பார்த்துச் செய்த வெறும் உடம்பு. வேண்டுமானால் நீங்களே கட்டி எடுங்கள் என்றார்.

அண்ணை ஸ்பானர் எடுத்துத் தருவார், பிடிப்பார். பாகங்களைப் பூட்டியது நான். முன்பக்கத்து நீண்ட பொனற்றை முகம் தெரியும்வரை தேய்த்ததும் நான். எஞ்சின் முதன்முதலாக உறுமியபோது அண்ணை சிரித்தார்.

"சூசைதாசன், நீ கலியாணம் கட்டத் தேவையில்லையடா. இதோடயே குடும்பம் நடத்து."

பகிடிதான். நான் கோபிக்கவில்லை.

பிறகு ஒருநாள், "ஒரு பல் டொக்டர் காரைக் கேக்கிறார். சனிக்கிழமை வாறார்" என்றார்.

"விக்கிறதோ, அண்ணை?"

"மகாதேவியும் பிள்ளையும் கொழும்பில ஒளிச்சிருக்கினம். அவையைக் கூப்பிட வேற வழி என்ன? கார் இன்னொண்டு செய்யலாம். மனிசியும் பிள்ளையும் செய்யேலாது."

முழு நியாயம். அதனால் நான் வாதாடவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கேட்டேன்: "தேசிக்காய் நசிக்காமல் புதுக் காரைக் கைமாத்தலாமோ?"

"நீ வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன். உனக்கேன் இந்தக் கவலை?"

"அதுதான் நீங்கள் ஏறவேணும். நீங்கள்தானே சைவம்."

அவருக்கு அது பிடித்துக்கொண்டது. பொனற்றில் திருநீறு பூசிவிட்டு ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார். கொட்டிலின் வாசல் சரிவைப் பார்த்திருந்தது; அடியில் கல்மதில். கைப்பிறேக் இன்னும் பூட்டவில்லை, அது அவருக்கும் தெரியும். நாலு ரயருக்கும் முன்னால் அந்த நாலு காயையும் வைத்தேன்.

"நசிஞ்ச உடன பிறேக்கை மிதியுங்கோ, அண்ணை."

"எனக்குச் சொல்லித் தாறியோ?"

ரயருக்கு முட்டுக்கொடுத்திருந்த தடைக்கட்டையை நான்தான் இழுத்தேன். காய்கள் நசிந்தன, வாசம் வந்தது. கார் நிற்கவில்லை. அண்ணை திரும்பிப் பார்த்து "சூசை" என்று கூப்பிட்டார். நான் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பிசிறில்லை.

அண்ணையின் சாவை மகாதேவி அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னதும் நான்தான். என் குரல் தளும்பவில்லை. தன் வீட்டுக்காரருக்கு என்னைப்போல ஒரு தம்பி கிடைத்தது பெரிய காரியம் என்று அழுதா.

விபத்து என்று முடித்தார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இந்தப் பொலிஸ்காரர், அகதிகள் கட்டிய கார்தானே, பிறேக்கை அரைகுறையாகப் பூட்டியிருக்கிறார்கள் என்று தோட்டக்காரரிடம் சொன்னாராம். அதைக் கேள்விப்பட்டுத்தான் நானாக இங்கே வந்தேன்.

வியாழக்கிழமை அதே சரிவில் ஓட்டிப் பார்த்தேன், அக்கா. மிதித்த இடத்தில் நின்றது. வெள்ளி காலையில் பிறேக் எண்ணெயை ஒரு சொட்டு விடாமல் வடித்தது நான்.

இதை மட்டும் அவருக்கு வடிவாக விளங்கப்படுத்துங்கள். வேலையில் பிழை இல்லை.