ஆயில் மாற்ற நாற்பது நிமிடம்

ஆயில் மாற்ற நாற்பது நிமிடம் ஆகும் ஐயா. கடை போர்டில் இருபது நிமிடம் என்றுதான் எழுதியிருப்பார்கள். நம்ப வேண்டாம். பழைய ஆயில் முழுதும் வடிவதற்கே கால் மணி நேரம் வேண்டும். அவசரப்படாமல் வடியவிடுகிறவன்தான் நல்ல தொழில்காரன். தௌசீப் அகமது அப்படிப்பட்டவன். பத்து நாளாக அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள், கடையையும் பூட்டிவிட்டீர்கள். அவன் மேல் தப்பு இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். நானாகவே வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் கங்காதரன். வயது ஐம்பத்து மூன்று. பள்ளிகொண்டாவில் வீடு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருடமாகக் கார் ஓட்டுகிறேன். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்க வருகிறவர்களை மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் போய் ஏற்றிவர வேண்டும். அவர்கள் போன பிறகு சாம்பிள் பெட்டியை ஏற்றிக்கொண்டு மறுபடி சென்னைக்குப் போக வேண்டும். சட்டை மாற்றாமல் இரண்டு முறை போய்வந்த நாட்கள் உண்டு. வீட்டில் படுத்தாலும் போன் தலைமாட்டில் இருக்கும். பாதிச் சோற்றில் கை கழுவிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். காய்ச்சல் என்றால், மாத்திரை போட்டுக்கொண்டு வா என்பார்கள். ஒரே ஒரு பதிலுக்குத்தான் எதிர்க்கேள்வி கிடையாது.

"வண்டி ஆயில் மாத்தற குழி மேல நிக்குது சார்."

அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆயில் இல்லாத வண்டியை எடுத்துக்கொண்டு வா என்று எந்த முதலாளியும் சொல்ல மாட்டார்.

வேலூர் சத்துவாச்சாரியில் சர்வீஸ் ரோடு ஓரமாக தௌசீப் கடை. ஆயிலும் ஃபில்டரும் மட்டும் மாற்றித்தருவான், வேறு ரிப்பேர் எடுப்பதில்லை. உள்ளே சின்னதாக ஒரு கண்ணாடி அறை, மூன்று நாற்காலி, ஒரு ஏசி. நான் போய் உட்கார்ந்ததும் தௌசீப் திரையை இழுத்துவிடுவான். "தூங்குங்க அண்ணே, முடிஞ்சதும் எழுப்பறேன்" என்பான். எழுப்பும்போதும் தோளைத் தொட மாட்டான், நாற்காலியின் கையை இரண்டு தட்டு தட்டுவான். அந்த நாற்பது நிமிடம் எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை. கனவுகூட வராது.

பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று வண்டியின் புத்தகத்தில் இருக்கிறது. நான் ஐயாயிரத்தில் மாற்ற ஆரம்பித்தேன், பிறகு மூவாயிரத்தில். அதனால் எஞ்சினுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை.

போன வருடம் நவநீதன் சார் எங்கள் கம்பெனிக்கு நிர்வாக அதிகாரியாக வந்தார். குடியாத்தத்துப் பிள்ளை, முப்பத்திரண்டு வயது. லுங்கி நெய்கிற குடும்பத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர். பத்தொன்பது வருடத்தில் என்னை அண்ணா என்று கூப்பிட்ட ஆபீசர் அவர் ஒருவர்தான். போன மாதம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"மூவாயிரத்துக்கெல்லாம் ஆயில் மாத்தறீங்களே, எதுக்குண்ணா?"

"நம்ம வண்டி ஓட்டம் ஜாஸ்தி சார்."

"சரி. ஆனா இனிமே நீங்க வேலூர் வரைக்கும் அலைய வேணாம். சர்வீஸ் வேன் நம்ம ஷெட்டுக்கே வந்துடும். அவங்க மாத்தற நேரத்துல நீங்க இன்னொரு வண்டிய எடுத்துக்கலாம். உங்களுக்கும் பேஜார் இல்ல பாருங்க."

எனக்கு நல்லது செய்வதாகவே அவர் நினைத்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என்ன காரணத்துக்காக அங்கே போகிறேன் என்று சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு வாய் திறக்கவே அசதியாக இருந்தது. கடைசியாக ஒருமுறை தௌசீப்பிடமே மாற்றிவிட்டு வருகிறேன் என்று மட்டும் கேட்டேன். சரி என்றார்.

அந்தக் கடைசி முறை போனது ஒரு புதன்கிழமை. கண்ணை மூடிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, நாற்காலியைத் தட்டினான் தௌசீப்.

"அண்ணே, கோச்சிக்காதீங்க. கீழ வந்து பாருங்க."

குழிக்குள் இறங்கி டார்ச் அடித்துக் காட்டினான். முன்சக்கரத்துக்குப் போகிற பிரேக் குழாயில் வெடிப்பு விட்டு, ஆயில் கசிந்து ஈரமாக இருந்தது.

"லேசா மிதிச்சா புடிக்கும். இறக்கத்துல நாலு வாட்டி அழுத்தி மிதிச்சா பிச்சிக்கும். என்னாண்ட இந்த வேல கெடையாது. கயிறு கட்டி ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துட்டுப் போவலாமா?"

"நானே மெதுவா ஓட்டிட்டுப் போறேன்" என்றேன். அவனுக்கு மனசு கேட்கவில்லை. உடனே மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் அட்டையில் சிவப்பு மையால் எழுதிக் கையில் கொடுத்தான். அந்த அட்டையைத்தான் அவன் உங்களிடம் பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அது பொய் இல்லை. பாலாற்றுப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திக் கிழித்துப் போட்டேன்.

ஏன் என்று கேட்பீர்கள். ஒர்க்‌ஷாப் போனால் வண்டி இரண்டு நாள் நிற்கும். எனக்கு வேறு வண்டியைக் கொடுத்துவிடுவார்கள். ஓய்வு இல்லை, அலைச்சல்தான் ஜாஸ்தி. பிரேக்கை விட்டு விட்டு மிதித்தும் கியரைக் குறைத்தும் ஓட்ட எனக்குத் தெரியும். மூன்று நாள் அப்படித்தான் ஓட்டினேன். சனிக்கிழமை டேஷ்போர்டில் பிரேக்கின் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. கண்ணை உறுத்தியது. பிரேக் ஆயில் வாங்கிக் கொஞ்சம் ஊற்றினேன். விளக்கு அணைந்துவிட்டது.

அன்று சாயங்காலம் நவநீதன் சார் ஷெட்டுக்கு வந்தார்.

"நாளைக்கு வண்டிய நானே எடுத்துக்கறேண்ணா. ஜவ்வாது மலை வரைக்கும் போய்ட்டு வர்றேன், ஜி.எம். சரின்னுட்டார். நீங்க ஒரு நாளாவது வீட்ல இருங்க. வண்டி கண்டிஷன்ல இருக்குதில்ல?"

"ஆயில் புதுசு சார்" என்றேன்.

அது உண்மைதான். நான் பொய் சொல்லவில்லை. சாவியை அவர் கையில் கொடுத்தேன். அவர் இல்லையென்றால் ஷெட்டுக்கு வேன் வராது என்று அப்போது ஒரு நினைப்பு வந்தது. ஒரே ஒரு முறைதான் வந்தது. உடனே போய்விட்டது. அவர் தனியாகப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

மேலே ஏறும்போது வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மத்தியானம் இறங்கும்போது ஆலங்காயத்துக்கு மேலே உள்ள வளைவில் நிற்கவில்லை. நவநீதன் சாரும் நாலு வயது மகள் பூரணியும் அங்கேயே போய்விட்டார்கள். அவர் சம்சாரம் ஹரிணி இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். கடைசியாக வண்டிக்கு அடியில் கை வைத்தவன் தௌசீப் என்பதால் அவனைப் பிடித்தீர்கள். நீங்கள் என்னைக் கேட்டபோது, ஆயில் மாற்றினான், வேறு எதுவும் எனக்குத் தெரியாது என்றேன்.

நேற்று அவன் சம்சாரம் பில்கிஸ் என் வீட்டுக்கு வந்தது. உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அண்ணா, குழாய் வெடிச்சிக்குதுன்னு அவரு உங்களாண்ட சொன்னாராம். அந்த ஒரு வார்த்தைய நீங்க ஸ்டேஷன்ல சொன்னா போதும். அவருக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல."

"இன்னா சொன்னான்னு ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

அது கதவை விட்டுவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டது. என் மனைவி சோபனா தண்ணீர் கொண்டுவந்தவள், சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவள் என்னை எதிர்த்துப் பேசியதில்லை.

"அன்னிக்கி நீ போன்ல பேசனது என் காதுல வுழுந்துச்சி. நீ போய்ச் சொல்றியா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

அதனால் காலையில் கிளம்பி வந்தேன்.

அந்தப் போன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு அவர் என்னிடம் பேசியது உங்கள் ரெக்கார்டில் இருக்கிறது. எங்கே திரும்ப வேண்டும் என்று வழி கேட்டார் என்று முன்பு சொன்னேன். அவர் வழி கேட்கவில்லை. ஆலங்காயத்தில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கூப்பிட்டார்.

"அண்ணா, பிரேக் மிதிச்சா உள்ள போற மாதிரி இருக்கு. மலை ஏறலாமா, இல்ல திரும்பிடட்டுமா?"

பின்னால் குழந்தை பாடிக்கொண்டிருந்தது. பாடாதே, அப்பா பேசுகிறார் என்று ஹரிணி சொன்னதும் எனக்குக் கேட்டது. திரும்பச் சொன்னால் யார் போய் வண்டியை எடுத்து வருவது என்று யோசித்தேன். நான்தான் போக வேண்டும். பாயிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை.

"அந்த வண்டி அப்படித்தான் சார். ஒண்ணும் ஆவாது, தாராளமா போங்க" என்றேன்.

"சாரிண்ணா, லீவு நாள்ல தொந்தரவு பண்ணிட்டேன். நீங்க தூங்குங்க" என்றார்.

தூங்கினேன்.